கரண்டிவாயன் தெரியக்கூடாது

"இது என்னப்பா?" என்று கேட்டார் ஊராட்சித் தலைவர் ஹோ.

"பறவைங்க, தலைவரே."

"பறவைன்னு எனக்கும் தெரியுது. எந்தப் பறவைன்னும் தெரியுதே, அதுக்கு என்ன பண்ணலாம்?"

தூ வென்பின், மேசைமேல் தான் பரப்பிவைத்த படங்களை மறுபடியும் பார்த்தான். நீல வானத்தில் ஏழெட்டு வெள்ளைப் பறவைகள் பறந்துகொண்டிருந்தன. கறுத்த முகம், சப்பைக் கரண்டி போன்ற அலகு. கண்பார்வை பரிசோதனைக்கு வந்தவர்கூட இரண்டாவது வரிக்குப் போகாமலே சொல்லிவிடுவார், இவை கருமுகக் கரண்டிவாயன்கள் என்று.

யென்வெய் ஊராட்சியின் நிலப் பிரிவு எழுத்தர் வென்பின். அலுவலகத்துக் கல்யாணங்கள், ஓய்வுபெறும் விழாக்கள் எல்லாவற்றிலும் அவன் படம் எடுத்திருக்கிறான். அவன் எடுத்த படங்களில் மாப்பிள்ளைக்குத் தலை இருந்ததில்லை, அல்லது தலை மட்டும்தான் இருந்தது. அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் தலைவர் இந்தப் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்திருந்தார்.

ஊருக்கு மேற்கே கடலோரமாக ஒரு பழைய மீன்குளம் கிடக்கிறது. அதைத் தூர்த்து, சுற்றுலாப் பேருந்துகள் நிற்க இடம் கட்டவேண்டும் என்பது தலைவரின் கனவு. யென்வெய்க்கு இதுவரை ஒரு சுற்றுலாப் பேருந்தும் வந்ததில்லை. நிற்க இடமில்லாததால்தான் வரவில்லை என்பது அவருடைய வாதம். இதற்கு நடுவில், நகரத்திலிருந்து ஒரு சுற்றுச்சூழல் குழு கடிதம் போட்டுவிட்டது. குளிர்காலத்தில் அந்தக் குளத்தில் வந்து அடையும் பறவைகளைப் படமெடுத்துக் காட்டவேண்டும், அவற்றில் கரண்டிவாயன் இருந்தால் குளத்தில் ஒரு கூடை மண்கூடப் போடக்கூடாது. உலகம் முழுவதும் தேடினாலும் சில ஆயிரம்தான் மிச்சமிருக்கும் பறவை அது. குழுவுக்கு ஊராட்சிமேல் அபார நம்பிக்கை. படம் எடுக்கும் வேலையை ஊராட்சியிடமே கொடுத்திருந்தது. திருடன் கையில் சாவியைக் கொடுத்து, பூட்டிவிட்டு வா என்று சொல்வதுபோல.

தலைவர் வாயிலிருந்த பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"படமே இல்லைன்னா சந்தேகப்படுவாங்க. வெறும் கொக்கா எடுத்துட்டு வந்தா, மத்ததை வேணும்னே விட்டுட்டீங்கன்னு சொல்லுவாங்க. அதனால பறவை இருக்கணும். நிறைய இருக்கணும். ஆனா அது என்ன பறவைன்னு அதைப் பெத்த தாய்க்கே தெரியக்கூடாது. புரியுதா?"

"புரியுது தலைவரே. ஆனா எப்படி..."

"பளிச்சுனு வெயில் அடிக்கும்போது போனா தெரியாம என்ன செய்யும்? பொழுது சாயற நேரமாப் பார்த்துப் போ. பறக்கும்போது எடு. பறக்கிறதை இருட்டுல எடுக்கிறது ரொம்பக் கஷ்டமான வேலையாம். கரையில கேமராப் பீரங்கி வெச்சுக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்களே ஒரு படம் சரியா வரலைன்னு வருஷக்கணக்கா அழுதுக்கிட்டிருக்காங்க. உனக்கு அது தானா வரும்."

இருபது வருட அரசு வேலையில் மேலதிகாரி ஒருவர் தன் திறமையைப் புகழ்ந்து வென்பின் கேட்டது அதுதான் முதல்முறை.

அன்று சாயங்காலமே போனான். குளக்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், வீட்டில் யாரும் தேடாதவர்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் இலைபோட்ட பச்சைத் துணி சுற்றிய ஒரு நீண்ட லென்ஸ். ஊரில் அதற்குப் பீரங்கி என்றுதான் பெயர். பறவைக்குத் தெரியாமலிருக்க லென்ஸுக்கு இலைத்துணி சுற்றியவர்கள், தாங்கள் மட்டும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு சத்தமாக அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வென்பினிடம் இருந்தது அலுவலகத்துக் கேமரா. ஆண்டு முடிவில் ஒதுக்கிய தொகையைச் செலவழித்துத் தீர்ப்பதற்காக வாங்கியது. மனிதரோ மிருகமோ, எதிரில் வந்தால் தானே கண்ணைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளும். அந்த அலுவலகத்தில் இவ்வளவு பொறுப்போடு வேலைபார்க்கிற எதுவும் அதற்கு முன் இருந்ததில்லை.

சூரியன் கடலில் இறங்கியது. வெளிச்சம் போனபிறகு பறவைகள் வந்தன. வென்பின் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

மறுநாள் தலைவர் படத்தைப் பார்த்தார். செக்கச்செவேலென்ற வானம். அதன்மேல் மைக்கறுப்பாகப் பறவை நிழல்கள். முகம் தெரியவில்லை, நிறம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு நிழலின் முன்னாலும் ஒரு கரண்டி நீட்டிக்கொண்டிருந்தது, பறவைகளெல்லாம் கஞ்சி குடிக்கக் கிளம்பியதுபோல.

"வென்பின்."

"தலைவரே."

"பகல்ல எடுத்ததுல முகத்தைப் பார்த்து, காலைப் பார்த்து, யோசிச்சுக் கண்டுபிடிக்கணும். நீ அந்த யோசிக்கிற வேலையையும் மிச்சம் பண்ணிட்டே. கரண்டியை மட்டும் தனியா வரைஞ்சு குடுத்திருக்கே."

அடுத்த முறை வானத்தில் செம்மையே இல்லாத நாளாகப் பார்த்துப் போனான். காலையிலிருந்து தூறல். குளமும் வானமும் ஒரே சாம்பல் நிறம். கரையில் ஒருவர்தான் இருந்தார். காங் என்று பெயர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். நோயாளிகள் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்லமுடியாமல் கிடக்க, நாற்பது வருடம் தனியாகப் பேசியே பழகியவர்.

"இந்த வெளிச்சத்துல வந்திருக்கீங்களே, தைரியம்தான்," என்றார். "எங்கே, கேமராவைக் காட்டுங்க. அய்யய்யோ, இதை இப்படி வெச்சுக்கிட்டா ஒண்ணுமே வராது."

"பரவாயில்லைங்க, வராட்டி..."

"குடுங்க சொல்றேன்." பல்லைப் பிடுங்குவதுபோல் கேமராவைப் பிடுங்கினார். மூன்று சக்கரங்களைத் திருகினார். "ஷட்டர் வேகமா இருக்கணும். இருட்டுக்கு ஏத்தமாதிரி இதை ஏத்திவிடணும். கொஞ்சம் புள்ளிபுள்ளியா வரும், வரட்டும். இப்ப அழுத்துங்க. வருது பாருங்க, வருது, அழுத்துங்க."

பெரியவர் சொல்லும்போது மறுக்கமுடியுமா. வென்பின் அழுத்தினான்.

திரையில் பார்த்தபோது அவனாலேயே நம்பமுடியவில்லை. ஒரே ஒரு கரண்டிவாயன், சிறகை முழுவதும் விரித்து, தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. ஒவ்வொரு இறகின் நுனியிலும் ஒரு மழைத்துளி. கண்ணில் சிவப்பு. அந்தக் கண் தன்னிடம் ஏதோ கேட்பதுபோல் வென்பினுக்குத் தோன்றியது. நிலப் பிரிவில் யாரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

காங் பேச்சை நிறுத்தினார். நாற்பது வருடத்தில் அது நடந்திருக்காது.

"இதுக்காக நான் பதினாலு வருஷமா இங்கே உட்கார்ந்திருக்கேன்," என்றார் மெல்ல.

வென்பின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அழிக்கும் பொத்தானை அழுத்தினான். 'உறுதியா?' என்று கேமரா கேட்டது. பொறுப்பான கேமரா. உறுதி என்று சொல்லிவிட்டான்.

காங் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏன்? ஏன் அழிச்சீங்க?"

"அது... நான் நினைச்ச மாதிரி வரலைங்க," என்றான் வென்பின். அது உண்மைதான்.

இரண்டு நாள் கழித்து அவன் குளக்கரைக்குப் போனபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். நடுவில் அவனுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார். இன்னொருவர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றினார்.

"வாங்க வாத்தியாரே," என்றார் காங். பிறகு மற்றவர்களிடம் தணிந்த குரலில், "நாமெல்லாம் எடுக்கக் கத்துக்கிட்டோம். இவர் அழிக்கக் கத்துக்கிட்டவர்," என்றார்.

வென்பின் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினானோ அந்தப் பக்கம் பன்னிரண்டு பீரங்கிகளும் திரும்பின. அவன் கேமராவைக் கீழே வைத்தால் அவர்களும் வைத்தார்கள். அவன் தும்மியபோது, ஏதோ நுட்பம் என்று நினைத்து ஒருவர் குறித்துக்கொண்டார். யாருக்கும் தெரியாமல் மோசமாகப் படம் எடுக்கவேண்டிய மனிதனுக்கு, பன்னிரண்டு சீடர்கள் சூழ அதைச் செய்வது அத்தனை சுலபமில்லை.

வீட்டில் மனைவி ஷியாங்யுன் பொரித்த சிப்பியைத் தட்டில் வைத்தபடி கேட்டாள்.

"என் முகத்துக்குப் பூசற கிரீம் டப்பா எங்கே போச்சு?"

வென்பின் சிப்பியைப் பார்த்தான்.

"உங்ககிட்டதான் கேக்கறேன்."

"லென்ஸுல கொஞ்சம் தடவிப் பார்த்தேன். மங்கலா வருமான்னு."

"வந்துச்சா?"

அவன் கேமராவை நீட்டினான். கிரீம் பூசிய லென்ஸ் வழியாகக் கரண்டிவாயன்கள் பனிமூட்டத்தில் மிதக்கும் தேவதைகள்போல் வந்திருந்தன. சுற்றிலும் ஒளிவட்டம். நடுவில் கரண்டி மட்டும் பளிச்சென்று இருந்தது.

ஷியாங்யுன் அதை நெடுநேரம் பார்த்தாள். "நம்ம கல்யாண நாள் அன்னைக்கு என்னை ஒரு படம் எடுத்தீங்க, ஞாபகமிருக்கா? பின்னாடி இருந்த பூச்சட்டி ரொம்ப அழகா வந்திருந்துச்சு. பக்கத்துல என் முழங்கை இருந்துச்சு. இருபது வருஷமா நான் பூசற கிரீம் எனக்குப் பண்ணாததை ஒரே நாள்ல ஒரு கொக்குக்குப் பண்ணியிருக்கு."

"கொக்கு இல்ல, கரண்டிவாயன்."

"பார்த்தாலே தெரியுது," என்றாள் ஷியாங்யுன். அந்த ஒரு சொல்லோடு அந்தப் படமும் உதவாமல் போனது.

அடுத்த அடி செய்தித்தாள் வழியாக விழுந்தது. உள்ளூர்ப் பதிப்பில் ஒரு சிறு செய்தி: 'அழித்துக்கொண்டே இருக்கும் அபூர்வ கலைஞர்'. காங்கின் பேட்டி. குளக்கரையில் வென்பின் ஆரஞ்சுப் பழம் தின்னும் படம். அது மிகத் தெளிவாக வந்திருந்தது.

தலைவர் செய்தித்தாளை மடித்து மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் வென்பினுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பறவை தெரியக்கூடாதுன்னு சொல்லி உன்னை அனுப்பினேன். இப்ப பறவையும் தெரியுது, நீயும் தெரியறே. வர்ற வாரம் குழு வருது. ஊராட்சி மண்டபத்துல, ஊர் ஜனங்க முன்னாடி படத்தைப் போட்டுக் காட்டணும். அதுக்குள்ள உருப்படியா ஒரு மோசமான படம் வரலைன்னா, நீ நிலப் பிரிவுல இருக்கமாட்டே. சுடுகாட்டுப் பிரிவுல ஓர் இடம் காலியா இருக்கு. அங்கே யாரும் அசையமாட்டாங்க, படமெடுக்க வசதி."

வென்பினுக்கு அன்று இரவு கஞ்சி இறங்கவில்லை. கண்ணை மூடினால் மழைத்துளியோடு அந்தப் பறவை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"ஷியாங்யுன், நான் பண்றது தப்பு இல்லையா?"

"நீங்க எங்கே பண்றீங்க? கேமராதானே பண்ணுது. அப்படியே நினைச்சுக்கிட்டுத் தூங்குங்க. நம்ம நாட்டுல பாதிப் பேர் அப்படித்தான் தூங்கறாங்க," என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் வென்பின் காங்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? மங்கின வெளிச்சத்துல பறக்கிற பறவையை எடுக்கும்போது, என்ன செஞ்சா படம் அடியோட கெட்டுப்போகும்?"

காங் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாத்தியார் தன்னைச் சோதிக்கிறார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"கேமராவை ஸ்டாண்டுல ஆடாம அசையாம இறுக்கி வைக்கணும். ஷட்டரை ரொம்ப மெதுவா வைக்கணும். பறவை பின்னாடியே கேமராவைத் திருப்பவே கூடாது. அப்படி வெச்சா பறவை குறுக்கே இழுத்துக்கிட்டே போயிடும் வாத்தியாரே. இறக்கை, அலகு, கால் எல்லாம் ஒண்ணாக் கலந்து வெறும் கஞ்சி."

"கஞ்சியா?"

"தண்ணிக் கஞ்சி. அரிசிகூடக் கையில தட்டுப்படாது."

"சரியான பதில்," என்றான் வென்பின். காங்கின் கண்கள் கலங்கின.

அவன் காங்கிடமே ஒரு ஸ்டாண்டை இரவல் வாங்கினான். வெட்கத்தை மறைக்க, எல்லோரையும்விட்டுத் தள்ளி, குளத்தின் கோடிக்குப் போனான். தனிமை தேவைப்படுகிறது என்று அவர்களும் புரிந்துகொண்டு விலகினார்கள். பொழுது சாய்ந்து, தன் கையே தனக்குச் சரியாகத் தெரியாத நேரம் வரை காத்திருந்தான். அக்கரை வெறும் கரிக்கோடாக இருந்தது. அங்கே எதுவோ உறுமிக்கொண்டிருந்தது. மீன்பண்ணைகள் இருக்கும் இடத்தில் எப்போதும் ஏதாவது மோட்டார் உறுமிக்கொண்டுதான் இருக்கும். பறவைகள் தலைக்குமேல் வந்து தாழ்ந்தன. மெதுவான ஷட்டர், 'க்ளி...' என்று தொடங்கி, ஒரு கொட்டாவி விடும் நேரம் கழித்து 'க்' என்று முடித்தது.

திரையில் ஒரே இருட்டு. அதன் குறுக்கே அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் நான்கைந்து வெள்ளைக் கோடுகள்.

கொக்கா, வாத்தா, பறந்துபோன பிளாஸ்டிக் பையா? எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். வென்பினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாழ்க்கையில் ஒரு வேலையைச் சொன்னபடி செய்து முடித்திருந்தான்.

தலைவர் படத்தைக் கையில் வாங்கி, தூரப்பிடித்துப் பார்த்தார், கிட்டப்பிடித்துப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான். எழுந்து வந்து வென்பினின் தோளைத் தட்டினார்.

"எனக்குத் தெரியும். உனக்குள்ள இது இருக்குன்னு எனக்குத் தெரியும். சின்னதாப் போடக்கூடாது இதை. மண்டபத்துச் சுவர் முழுக்கப் பெருசாப் போடணும். ஒண்ணுமே தெரியலைங்கிறது எல்லாருக்கும் நல்லாத் தெரியணும்."

விசாரணை நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் குழுவினர் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பேராசிரியை வெய், மெல்லிய கண்ணாடி, மெல்லிய குரல். பின்வரிசைகளில் மீன் விற்பவர்கள், சிப்பி உடைக்கும் பெண்கள், கடைசியில் காங்கும் அவர் படையும், வாத்தியாரின் அழிக்கப்படாத முதல் படைப்பைப் பார்க்க நல்ல சட்டை போட்டுக்கொண்டு. ஊராட்சியில் தேநீர் கொடுக்கும் ஆகின் அக்கா பெரிய கெட்டிலோடு வரிசைவரிசையாகச் சுற்றிவந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். சுவரில் படம் விழுந்தது. மண்டபத்தில் இருந்ததைவிடச் சுவரில் இருட்டு அதிகமாக இருந்தது.

கடைசி வரிசையில் காங் பக்கத்திலிருந்தவரிடம், "இது வேற மட்டம். நமக்கெல்லாம் புரியாது," என்று கிசுகிசுப்பது கேட்டது.

"இதுதான் நீங்க எடுத்த படமா?" என்று வென்பினைப் பார்த்துக் கேட்டார் பேராசிரியை.

"ஆமாங்க," என்றான் வென்பின். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எங்க எழுத்தர் ரெண்டு மாசமா மழையிலயும் குளிர்லயும் நின்னு எடுத்தது," என்றார் தலைவர். "இதுல கரண்டிவாயன் இருக்குன்னு யாராவது சொல்லமுடியுமா? நேர்மையாச் சொல்லுங்க."

"நிச்சயமாச் சொல்லமுடியாது," என்றார் பேராசிரியை. தலைவரின் முகத்திலிருந்த மச்சங்கள்கூடச் சிரித்தன. "ஆனா படம் ரொம்ப இருட்டா இருக்கு. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வெளிச்சம் கூட்டிப் பார்க்கலாமா?"

வெளிச்சம் கூட்டினால் கஞ்சிக்குள்ளிருந்து கரண்டி எட்டிப்பார்த்துவிடுமோ என்று வென்பின் பயந்தான். பாதி மனசு, பார்த்துவிட்டால்தான் என்ன என்றும் நினைத்தது.

தலைவருக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. கஞ்சியை அவர் எல்லாக் கோணத்திலும் சோதித்திருந்தார். எழுந்து நின்று, ஊர் ஜனங்களைப் பார்த்துக் கைகளை விரித்தார். "தாராளமாக் கூட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் கூட்டுங்க. இந்த ஊராட்சியில மறைக்கிறதுக்கு ஒண்ணுமே கிடையாது."

குழுவைச் சேர்ந்த இளைஞர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். சுவர் மெல்ல வெளுத்தது. மேலே வெள்ளைக் கோடுகள் இன்னும் கொஞ்சம் அகலமாயின, அவ்வளவுதான். இறக்கை இல்லை, கால் இல்லை, கரண்டி இல்லை. தலைவர் இன்னும் ஜனங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பெருமை. பேருந்துகள் வந்து வரிசையாக நிற்பது அவருக்குக் கண்ணில் தெரிந்திருக்கவேண்டும்.

இளைஞர் இன்னொரு தட்டுத் தட்டினார். கஞ்சிக்குக் கீழே, இருட்டுக்குள்ளிருந்து, அக்கரை எழுந்துவந்தது.

ஜனங்கள் தன்னைப் பார்க்காமல் தன் தலைக்குமேல் பார்ப்பதைத் தலைவர் அப்போதுதான் கவனித்தார். திரும்புவதா வேண்டாமா என்று யோசிப்பவர்போல் நின்றார். முதல் வரிசையில் கோப்பை நிறைந்து வழிவதையும் கவனிக்காமல், கெட்டிலைச் சாய்த்தபடியே நின்ற ஆகின் அக்கா சுவரை நோக்கி ஒரு விரலை நீட்டினாள்.

"குளத்துல குப்பை கொட்டிக்கிட்டு நிக்கிறது நம்ம தலைவரோட மச்சான் லாரிதானே? பட்டப்பகல்லகூட அதோட நம்பர் இவ்வளவு தெளிவா நான் பார்த்ததில்லையே."